பதினான்காம் பிரிவு, இரண்டாம் பத்தி

செப்டெம்பர் 2, திங்கள்

கோடை விடுமுறை முடிந்து இன்று வேலை தொடங்கியது. ஜூலையில் அலுவலகக் குளிர்பெட்டியில் மறந்து விட்டுப்போன தயிரை மூக்கைப் பொத்திக்கொண்டு எறிந்ததுதான் முதல் வேலை. மத்தியானம் வெளியே போய் இந்தக் கொப்பியை வாங்கினேன்.

தமிழில் எழுதப் போகிறேன். பதினொரு வயதில் பருத்தித்துறையை விட்டு வந்தவளின் தமிழ், பிழைகள் இருக்கும். ஆனால் இந்தக் கட்டடத்தில் ஐரோப்பாவின் அத்தனை மொழிகளுக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், தமிழுக்கு மட்டும் ஒருவரும் இல்லை. மேசையில் திறந்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம்.

பிறகு நானே வாசிக்கும்போது விளங்குவதற்காக இதையும் எழுதி வைக்கிறேன். பிரசல்ஸில், ஐரோப்பிய ஒன்றிய நாடாளுமன்றத்தில், மார்கரெட்டே ஃபோஸ் என்ற ஜேர்மன் உறுப்பினருக்கு நான் உதவியாளர். அவருக்கு அறுபத்தெட்டு வயது, எனக்கு முப்பத்தொன்பது. பதினொரு வருடங்களாக ஒன்றாக வேலை செய்கிறோம். கறுப்புப் பணத்தைத் தடுக்க எல்லா நாட்டு வங்கிகளுக்கும் பொதுவாக வரப்போகும் சட்டத்துக்கு நாடாளுமன்றத்தின் பக்கத்தில் பொறுப்பாளர் அவர்தான். ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஆணையம் வரைவை எழுதிவிட்டது. இனி நாங்களும் நாடுகளின் அரசாங்கங்களும் ஒரு மேசையில் இருந்து வரிவரியாகப் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். மார்கழிக்குள் முடிக்க வேண்டும்.

சட்டத்தில் எங்கள் பக்கம் சேர்த்தது பதினான்காம் பிரிவு. தண்டப்பணத்துக்குப் பயந்து வங்கிகள், யார்மேலாவது சின்னச் சந்தேகம் வந்தாலே கணக்கை மூடிவிடுகின்றன. ஏன் என்று சொல்வதில்லை. பதினான்கு சொல்வது இதுதான்: மூடினால் காரணத்தை எழுத்தில் கொடு, வாடிக்கையாளர் முறையிட்டால் ஒரு மனிதர் உட்கார்ந்து கேட்கட்டும். இரண்டாம் பத்தி, இது மூன்று வருடம் பின்னோக்கியும் செல்லும், முன்பே மூடிய கணக்குகளுக்கும் பொருந்தும் என்கிறது. சட்ட நுணுக்கம்.

மார்கரெட்டே வெயிலில் கறுத்து, நன்றாக இருக்கிறார். காலையில் என்னை "பீர்கிட்" என்று கூப்பிட்டார். பீர்கிட் எனக்கு முன்பு இருந்த உதவியாளர். விடுமுறையிலிருந்து வந்தால் எல்லோருக்கும் அப்படித்தான்.

செப்டெம்பர் 10, செவ்வாய்

பொருளாதாரக் குழுவின் கூட்டம். மார்கரெட்டே குறிப்பே பார்க்காமல் பேசினார். இளமையில் அவர் ஒரு கிராமிய வங்கியில் இருந்தவர். கணக்கை மூட வேண்டிய விவசாயியின் வீட்டுக்கு மனேஜர் தன்னையும் கூட்டிக்கொண்டு போய், சமையலறையில் உட்கார்ந்து காரணம் சொன்ன கதையைச் சொன்னார். "அவர் எங்களைத் திட்டினார். ஆனால் எதற்காகத் திட்டுகிறார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது" என்று முடித்தபோது எதிர்க்கட்சி வரிசையிலும் சிரிப்பு.

கேள்வி நேரத்தில் அதே கதையைத் திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். இந்தமுறை சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது.

களைப்பு. விடுமுறையிலும் வேலை செய்திருப்பார்.

வீட்டுக்குப் போகும் வழியில் லீக்ஸும் உருளைக்கிழங்கும் வாங்கினேன். சலவை இயந்திரம் தண்ணீரை வெளியேற்றுவதில்லை. ஆளுக்குச் சொல்ல வேண்டும்.

செப்டெம்பர் 22, ஞாயிறு

அப்பா தொலைபேசி எடுத்தார். அவரும் அம்மாவும் ஜேர்மனியில், ஹம் நகரில் இருக்கிறார்கள். வழக்கமாக அம்மாதான் எடுத்து முடிவில் அவரிடம் கொடுப்பார். இன்று அவரே.

"பிள்ளை, அந்தச் சட்டம் எந்தளவில நிக்குது?"

"பேச்சு இன்னும் தொடங்கேல்லை அப்பா. ஒக்டோபரிலதான்."

"மூண்டு வருசத்துக்குப் பின்னாலயும் போகும் எண்டு சொன்னனீ. அது நிக்குமோ?"

"அப்பா, உதை ஒருத்தரோடையும் கதைக்காதேங்கோ."

"நான் ஆரோடை கதைக்கப்போறன்? என்னோடை இப்ப ஆர் கதைக்கினம்?"

பிறகு குளிரைப் பற்றியும் அம்மாவின் முழங்காலைப் பற்றியும் கதைத்தோம்.

அப்பா பத்தொன்பது வருடம் அங்குள்ள தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் சங்கத்தின் பொருளாளராக இருந்தவர். போன வருடம் ஜூன் மாதம் வங்கி சங்கத்தின் கணக்கை மூடியது. ஒரு கடிதம், மூன்று வரி. காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்பது மூன்றாவது வரி. சங்கம் வெளி ஆளை வைத்துக் கணக்குப் பார்த்தது. எல்லாம் சரி. ஆனாலும் சனம் கேட்டது: ஒன்றுமில்லாமல் ஒரு வங்கி மூடுமா? அப்பா விலகினார். விலகியதும், பார்த்தியா என்றார்கள்.

இதற்கும் என் வேலைக்கும் சம்பந்தமில்லை. ஐரோப்பா முழுக்க ஆயிரக்கணக்கான சங்கங்களுக்கு இது நடக்கிறது. எங்களிடம் கோப்பே இருக்கிறது.

ஒக்டோபர் 3, வியாழன்

முதல் முத்தரப்புப் பேச்சு. நீள மேசை. ஒரு பக்கம் நாங்கள், எதிரே அரசாங்கங்களின் தரப்பு, மேசையின் தலைப்பக்கத்தில் ஆணையம். கண்ணாடிக் கூடுகளுக்குள் மொழிபெயர்ப்பாளர்கள். எல்லோர் முன்னாலும் ஒரே கனத்த தாள்கட்டு: ஒவ்வொரு பிரிவுக்கும் மூன்று தரப்பின் வாசகம் பக்கம்பக்கமாக, நாலாவது கட்டம் வெறுமை. அந்த வெறுமையை நிரப்பத்தான் இத்தனை பேரும்.

முதல் ஒரு மணித்தியாலம் மார்கரெட்டே பிரமாதம். ஏழாம் பிரிவுக்கு வந்தபோது அவருடைய விரல் ஐந்தாம் பிரிவிலேயே நிற்பதைக் கண்டேன். அரசாங்கத் தரப்பின் தலைவி பதிலுக்காகக் காத்திருந்தார். நான் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில் "7. நாங்கள் ஏற்கவில்லை. தண்டத்தொகையை நாடுகள் அல்ல, ஒன்றியமே தீர்மானிக்க வேண்டும்" என்று எழுதி அவர் முன்னால் ஒட்டினேன். அவர் அதைப் பார்த்தார். நிமிர்ந்தார். நான் எழுதியதைவிட நூறு மடங்கு அழகாகப் பேசினார்.

எங்கள் வரிசையின் கடைசியில் ரிமாஸ் இருந்தார். வேறு கட்சிக்காரர், லித்துவேனியாவில் முன்பு வங்கிகளைக் கண்காணித்தவர், பதினான்காம் பிரிவுக்கு வெளிப்படையான எதிரி. மஞ்சள் தாளைப் பார்த்தார். பிறகு தன் பேனையைப் பார்த்தார்.

ஒக்டோபர் 8, செவ்வாய்

ஒட்டுத்தாள் பெரிய கட்டாக வாங்கினேன். சலவை இயந்திரக்காரர் வரவில்லை.

ஒக்டோபர் 17, வியாழன்

அரசாங்கத் தரப்பிலிருந்து மின்னஞ்சல். பதினான்காம் பிரிவின் இரண்டாம் பத்தியை எடுத்தால் முதல் பத்தியைப் பற்றிப் பேசத் தயாராம். மார்கரெட்டேயிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார், அது கழுத்தில் தொங்கியது.

"நீயே பார்த்து எழுதிவிடு, யசோ. உனக்குத்தான் என் மனம் தெரியுமே."

எழுதினேன். "திருமதி ஃபோஸ் இரண்டாம் பத்தியில் உறுதியாக இருக்கிறார்." அனுப்பினேன். கேட்டிருந்தாலும் அவர் அதைத்தான் சொல்லியிருப்பார். நல்ல பிரிவு அது. மற்ற ஆயிரம் சங்கங்களுக்கும் நல்லது.

மாலையில் பயறும் சோறும்.

ஒக்டோபர் 27, ஞாயிறு

காலையில் மார்கரெட்டே எடுத்தார். அலுவலகத்தில் நிற்கிறாராம். ஏன் ஒருவரையும் காணவில்லை, மின்விளக்குகூட எரியவில்லையே என்றார்.

இன்று குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தைத் திருப்பும் நாள். அந்தக் குழப்பம்தான் என்று சொன்னேன். அவர் சிரித்தார். "இந்தக் கடிகார விவகாரத்தை ஒழிக்க நானே ஒருமுறை வாக்களித்தேன். பார், இன்னும் ஒழியவில்லை!"

கடிகாரம் மாறினால் மணி மாறும், கிழமை மாறாது. அதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

போய்க் கூட்டிக்கொண்டு வந்து, அவருடைய வீட்டில் சூப் வைத்துக் கொடுத்தேன். கணவர் இறந்தபின் தனியே இருக்கிறார். குளிர்பெட்டி நிறைய வெண்ணெய்க்கட்டிகள், வேறு அதிகமில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

சிற்றுண்டிச்சாலையில் ரிமாஸ் தட்டுடன் வந்து என் எதிரில் இருந்தார். பொதுவாக உறுப்பினர்கள் உதவியாளர்களின் மேசைக்கு வருவதில்லை.

"உங்கள் பதினான்காம் பிரிவைப் பற்றி எனக்கு ஒரு பயம் இருக்கிறது" என்றார். "என் நாட்டில் நான் ஒரு வங்கியைச் சோதித்தபோது, உள்ளே ஒரு முட்டாள், ஏன் விசாரிக்கிறோம் என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டான். மறுநாள் அந்த ஆள் நாட்டிலேயே இல்லை. காரணம் சொல்வது நல்ல பழக்கம்தான். கள்வனுக்கும் அது நல்லதாகிவிடுகிறது."

அது நியாயமான பேச்சு. நான் அதை வேண்டுமென்றே இவ்வளவு நாளும் சின்னதாக்கிக் கேட்டிருந்தேன்.

"அதற்கு வழி கண்டுபிடிக்கலாம்" என்றேன்.

"கண்டுபிடிக்கலாம். ஆனால் இரண்டாம் பத்தி எனக்கு விளங்கவேயில்லை. பின்னோக்கி ஏன்? அதிலும் ஏன் மூன்று வருடம்? ஒன்றில்லை, ஐந்தில்லை. யார் கேட்டார்கள்?"

"திருமதி ஃபோஸ் உறுதியாக இருக்கிறார்."

அவர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். "யசோதினி, நான் ஒக்டோபரிலிருந்து யாரோடு பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்? அவரோடா, உங்களோடா?"

அவர் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கூட்டம் இருக்கிறது என்று எழும்பி வந்துவிட்டேன். கூட்டம் இருக்கவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

இரண்டு நாள் ஹம்மில். அம்மா காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினார், எனக்காக நண்டும் போட்டார். அப்பா நன்றாக மெலிந்திருக்கிறார். முன்பு சனிக்கிழமைகளில் தமிழ்க் கடைக்குப் போனால் திரும்பிவர மத்தியானமாகும், அவ்வளவு கதை. இப்போது சாமான் வாங்க ஜேர்மன் சுப்பர்மார்க்கெட்டுக்குத்தான் போகிறார். கறிவேப்பிலை இல்லாமலே சமைக்கப் பழகிவிட்டதாக அம்மா சொன்னார்.

"கோயில் திருவிழாவுக்கும் வரேல்லை. உண்டியல் எண்ணுற இடத்தில இவரைக் கண்டாச் சனம் என்ன சொல்லுமாம் எண்டு பயம்" என்றார், அப்பா குளிக்கப் போன நேரத்தில்.

இன்று காலை பல்கனியில் அப்பாவுடன் நின்றேன். திடீரென்று கேட்டார்.

"உன்ர முதலாளியம்மா, அந்த மார்கரெட்டே, அவவுக்கு என்ர விசயம் தெரியுமோ?"

"இல்லை அப்பா."

"ஏன் சொல்லேல்லை?"

"தேவைப்படேல்லை."

அவர் கொஞ்ச நேரம் கீழே நின்ற கார்களைப் பார்த்தார்.

"நான் பிழை எண்டாலும் பரவாயில்லை, பிள்ளை. இன்னதுதான் உன்ர பிழை எண்டு சொல்லட்டும். நான் அதை நினைச்சு நினைச்சு, இப்ப எனக்கே என்னில சந்தேகம் வருது. ஆரின்ர காசோ பிழையா வந்திட்டுதோ, நான் பாக்காமல் விட்டிட்டனோ எண்டு."

ரயிலில் வரும்போது வேலை செய்யலாம் என்று தாள்கட்டைத் திறந்தேன். பதினான்கைத் தவிர மற்ற எல்லாப் பிரிவுகளையும் பார்த்தேன்.

நவம்பர் 14, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

கடைசிப் பேச்சு. மத்தியானத்துக்குப் பிறகு தொடங்கியது. நான் காலையிலேயே ஒட்டுத்தாள்களை எழுதி, பிரிவு வாரியாக மார்கரெட்டேயின் கட்டுக்குள் ஒட்டி வைத்திருந்தேன். ஒன்பதாம் பிரிவில் எங்களுக்குப் பிரச்சினை இல்லை, ஆகவே அதில் "சரி, ஏற்கிறோம்" என்று எழுதியிருந்தேன்.

ஒன்பது முடிந்தது. பத்து, பதினொன்று, எல்லாம் சுமுகம். பதினான்கு வந்தபோது அரசாங்கத் தரப்பின் தலைவி முன்னால் சாய்ந்தார்.

"பதினான்காம் பிரிவை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். பதிலாக, மேற்பார்வை அதிகாரம் பற்றிய உங்கள் மூன்று கோரிக்கைகளையும் நாங்கள் இன்றே ஏற்கிறோம்."

மார்கரெட்டே தாள்களைப் புரட்டினார். முன்னுக்குப் புரட்டினாரா பின்னுக்கா என்று நான் கவனிக்கவில்லை. ஒரு மஞ்சள் தாளில் அவர் கண் நின்றது. ஒலிவாங்கியைப் போட்டார்.

"சரி. ஏற்கிறோம்."

கண்ணாடிக் கூடுகளுக்குள்ளிருந்து அது எல்லா மொழிகளிலும் போய்ச் சேர்ந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒருவர் எழுதத் தொடங்கிவிட்டார். உதவியாளருக்கு அந்த மேசையில் ஒலிவாங்கி இல்லை.

அப்போது ரிமாஸ் தன் ஒலிவாங்கியின் விளக்கைப் போட்டார். பதினான்கு ஒழிவதற்காக மூன்று மாதம் வாதாடிய மனிதர்.

"மன்னிக்கவும். இது முடிவாவதற்கு முன் நாடாளுமன்றத் தரப்புக்கு ஒரு சிறிய இடைவேளை வேண்டும்."

பக்கத்து அறைக்குப் போனோம், மார்கரெட்டேயும் நானும் மட்டும். அவர் கதவைச் சாத்திவிட்டு நின்றார்.

"நான் என்ன சொன்னேன்?"

"பதினான்கை எடுக்கச் சம்மதித்தீர்கள்."

"எந்தத் தாளைப் பார்த்தேன்?"

"ஒன்பதினுடையது."

கதிரையில் இருந்தார். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"எப்போதிலிருந்து உனக்குத் தெரியும்?"

"வசந்தத்திலிருந்து."

இந்தக் கொப்பியில் களைப்பு என்று எழுதியிருக்கிறேன். இருக்கட்டும், கிழிக்க மாட்டேன்.

"எனக்கும் தெரியும்" என்றார். "தெரியாமல் இருக்குமா? வீட்டுக்குப் போகும் வழியை ஒருமுறை ஒரு பொலிஸ்காரரிடம் கேட்டேன். ஆனால் நீ ஒன்றும் சொல்லவில்லை. யசோவே சொல்லவில்லையென்றால், வெளியே தெரிகிற அளவுக்கு இல்லை என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். உன்னைத்தான் நான் அளவுகோலாக வைத்திருந்தேன்."

நான் அழத் தொடங்கினேன். அவர் அழவில்லை.

"இப்போது சொல். பதினான்கை எழுதச் சொன்னது நானா?"

"நீங்கள்தான். முதல் பத்தியை."

"இரண்டாவதை?"

அதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன். எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். இவரிடம் வரவில்லை. அப்பாவைப் பற்றிச் சொன்னேன். சங்கம், மூன்று வரிக் கடிதம், கறிவேப்பிலை வரைக்கும் எல்லாவற்றையும். வங்கி மூடிய ஜூன் மாதத்திலிருந்து சட்டம் வரும்வரை எத்தனை காலம் ஆகலாம் என்று கணக்குப் பார்த்து, மூன்று வருடம் போட்டதையும் சொன்னேன்.

அவர் என் கையைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே சொன்னார்.

"உனக்கு யாரும் வாக்களிக்கவில்லை, யசோ. எனக்கு வாக்களித்தார்கள். நான் மறந்தாலும் அது என்னுடைய மறதி. அதை நீ எடுத்துப் பாவித்திருக்கக் கூடாது."

"உங்களைக் காப்பாற்றத்தான் தொடங்கினேன்."

"தெரியும். எங்கே முடித்தாய் என்பதைத்தான் சொல்கிறேன்."

எழும்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என்னை முன்னால் விட்டு அவர் பின்னால் வந்தார். மேசையில் என் கதிரையைத் தனக்கு நெருக்கமாக இழுத்து வைத்தார். ஒலிவாங்கியைப் போட்டார்.

"நண்பர்களே, சற்று முன் நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். எனக்கு நினைவு தடுமாறுகிறது. இன்றைக்கு மட்டுமல்ல, கொஞ்சக் காலமாக. இனி ஒவ்வொரு பத்தியையும் என் உதவியாளர் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக வாசிப்பார். கேட்டபின் நான் முடிவு சொல்வேன். தாள்கள் ஒட்டுவது இல்லை. யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள்."

அரசாங்கத் தரப்பின் தலைவி ஒலிவாங்கியைப் போட்டு, "ஆட்சேபம் இல்லை, திருமதி ஃபோஸ்" என்று மட்டும் சொன்னார்.

முதல் பத்தியை வாசித்தேன். மார்கரெட்டே கண்ணை மூடிக் கேட்டார். "இது இருக்கும்" என்றார். "இது இல்லாவிட்டால் எனக்கு மற்ற மூன்றும் வேண்டாம்." ரிமாஸ் தன் பயத்தைச் சொன்னார். பொலிஸ் விசாரணை நடந்தால் வங்கி வாய் திறக்கக் கூடாது. மார்கரெட்டே கேட்டார்: "அப்படியானால் அந்த மனிதருக்காக வேறு யார் பார்ப்பார்கள்?" இருவரும் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்துப் பேசி, ஒவ்வொரு நாட்டிலும் ஒரு சுயாதீன அதிகாரி பார்த்து, ஒன்றுமில்லையென்றால் அதை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று வந்து நின்றார்கள். நான் எழுதியதைவிட அது நல்ல பத்தி. அரசாங்கத் தரப்பும் அதை ஏற்றது.

பிறகு இரண்டாவதை வாசித்தேன்.

"இந்தப் பத்தியில் என் அலுவலகத்தில் ஒருவருக்குச் சொந்த அக்கறை இருக்கிறது" என்றார் மார்கரெட்டே. "அது எனக்கு இப்போதுதான் தெரியும். நியாயமான பத்தியாகக்கூட இருக்கலாம். இந்த வழியால் வந்த பத்தியை நான் வைத்துக்கொள்ள மாட்டேன்."

ஒலிவாங்கியை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீயே அடி."

பேனையை எடுத்துக் கோடு போட்டு அடித்தேன். மூன்று வரி.

நவம்பர் 15, வெள்ளி

குழுத் தலைவருக்கு நடந்ததை எழுதிக் கொடுத்தேன். மார்கரெட்டே தானும் வாசித்துவிட்டு, ஒரு சொல்லையும் மாற்றாமல் கையெழுத்திட்டார். எச்சரிக்கை வரும் என்றார்கள். இந்தச் சட்டத்தின் கோப்பு இனி என் மேசையில் இல்லை. மேசை பெரிதாகத் தெரிகிறது.

நவம்பர் 28, வியாழன்

மார்கரெட்டேயின் மகன் ப்ரேமனிலிருந்து வந்து அவரை மருத்துவரிடம் கூட்டிப் போனார். நோய்க்குப் பெயர் வைத்தார்கள். நாங்கள் எதிர்பார்த்த பெயர்தான். வருட முடிவில் பதவி விலகுகிறார். அறிக்கையை அவரே எழுதினார், நான் எழுத்துப்பிழை பார்த்தேன், ஒன்று இருந்தது. அவர் விலகினால் என் வேலையும் முடியும். அது முறைதான்.

"பெயர் தெரிந்ததும் நன்றாகத் தூங்கினேன்" என்றார்.

சலவை இயந்திரக்காரர் வந்தார். குழாயில் ஒரு காலுறை.

டிசெம்பர் 3, செவ்வாய்

குழுவில் வாக்கெடுப்பு. நான் பின்வரிசையில் பார்வையாளர்களோடு இருந்தேன். பதினான்காம் பிரிவு பெரிய வித்தியாசத்தில் நிறைவேறியது. ரிமாஸும் கையைத் தூக்கினார். மண்டபம் எழும்பி மார்கரெட்டேக்குக் கைதட்டியது. அவர் சுற்றிப் பார்த்து, என்னைக் கண்டுபிடித்து, வா என்று கையசைத்தார். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

வாசலில் ரிமாஸ் என்னைக் கடந்தபோது நன்றி சொன்னேன், அன்று இடைவேளை கேட்டதற்காக.

"நான் வாதத்தில் வெல்லத்தான் வந்தேன்" என்றார். "ஒருவர் பக்கத்தைத் தவறவிட்டதில் அல்ல."

டிசெம்பர் 15, ஞாயிறு

ஹம். அப்பாவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்பதற்காக ஒரு மாதம் தொலைபேசியில் மழுப்பியிருந்தேன்.

சட்டம் வரும் என்பதை அவர் செய்தியில் பார்த்துவிட்டார். வாசலிலேயே கேட்டார்: "பதினாலு நிக்குதாம். அப்ப என்ர கணக்குக்கும் கேக்கலாமோ?"

"இல்லை அப்பா. சட்டம் வந்த பிறகு மூடினதுகளுக்கு மட்டும்தான். பின்னால போற பத்தியை எடுத்தாச்சு."

அவர் என் கோட்டை வாங்கிக் கொழுவினார். அதற்கு நிறைய நேரம் எடுத்தார்.

"ஆர் எடுத்தது?"

"நான்தான் அப்பா. என்ர கையாலதான் அடிச்சனான்."

அம்மா குசினியிலிருந்து வெளியே வந்து, திரும்பவும் உள்ளே போனார்.

"என்ன காரணம்?" என்றார் அப்பா.

குசினி மேசையில் எதிரெதிரே இருந்தோம். முதலிலிருந்து சொன்னேன். மார்கரெட்டேயின் மறதியை நான் மறைத்தது, அவர் பெயரில் நான் பதில் எழுதியது, மூன்று வருடம் என்று போட்டது யாருக்காக, மஞ்சள் தாள், பக்கத்து அறை. அந்தப் பத்தி ஏன் அப்படி நிற்கக் கூடாது என்று இப்போது நானே நினைக்கிறேன் என்பதையும் சொன்னேன். அவர் இடையில் மறிக்கவில்லை. ஒருமுறை மட்டும், சுயாதீன அதிகாரி என்றால் யார் என்று கேட்டார், விளங்கப்படுத்தினேன்.

முடிந்தபின் மேசை விரிப்பின் மடிப்பைக் கையால் நீவிக்கொண்டிருந்தார்.

"கோவமோ, அப்பா?"

"கோவம்தான்" என்றார். "இல்லாமல் இருக்குமே? எனக்கு ஒரு கதவு திறந்திருந்தது, நீ சாத்திப்போட்டாய்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆனால் பிள்ளை" என்றார், "இவ்வளவு காலத்தில எனக்கு முன்னால இருந்து, இன்ன காரணம் எண்டு ஒராள் சொன்னது இண்டைக்குத்தான்."

எழும்பி அம்மாவிடம் சோற்றைப் போடச் சொன்னார். மூன்று பேரும் சாப்பிட்டோம். மீன்குழம்பில் உப்புக் கூட என்று அப்பா சொன்னார், இல்லை என்று அம்மா சொன்னார்.